கோப்பு அட்டையில் உருவான ஏர் இந்தியா விமானம்: பெரிய மாதிரிகளைச் செய்வதில் உள்ள சவால்கள் என்ன?

புதுதில்லி: அலுவலகங்களில் கோப்புகளுக்குப் பயன்படுத்தப்படும் இளமஞ்சள் நிற மணிலா அட்டையைக் கொண்டு ஏர் இந்தியா நிறுவனத்தின் போயிங் 777 விமானம் ஒன்றை உருவாக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த லூகா இயாகோனி-ஸ்டூவர்ட். பள்ளி மாணவராக இருந்தபோது, 2008-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய இந்தப் பணி 2014-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அப்போதும் அந்த விமானம் நிறைவடைந்திருக்கவில்லை.

எந்திரங்களால் அச்சுவார்க்கப்பட்ட பொம்மை அல்ல அது. உண்மையான விமானத்தின் நீளம், அகலம், உயரம் ஆகிய ஒவ்வொன்றையும் 60-இல் ஒரு பங்காகக் குறைத்து உருவாக்கப்பட்ட மாதிரி. சரக்கு அறைக் கதவுகள் திறந்து மூடும். சக்கரங்கள் உள்ளே மடங்கும். பயணிகள் அறையில் வகுப்பு வாரியாக இருக்கைகள் இருக்கும். ஏர் இந்தியா விமானம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் எளிமையானது: அந்நிறுவனத்தின் 777-300ஈஆர் விமானத்திற்கான விரிவான இருக்கை வரைபடம் அவருக்குக் கிடைத்தது.

புகழ்பெற்ற பயணிகள் விமானங்களுக்குப் பெரிய அளவிலான மாதிரிகளைச் செய்யும் ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். காட்சிக்கு வைப்பதற்காகச் செய்வோர் ஒரு பிரிவினர்; வானில் பறக்கவிடுவதற்காகச் செய்வோர் மற்றொரு பிரிவினர். இரு பிரிவினரும் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. விமானத்தின் வடிவத்தைச் சுருக்கலாம். ஆனால் அட்டையின் தடிமனையோ, காற்றையோ, புவியீர்ப்பையோ அதே விகிதத்தில் சுருக்க முடியாது.

அளவு விகிதம் என்றால் என்ன?

போயிங் 777-300ஈஆர் விமானத்தின் நீளம் ஏறத்தாழ 73.9 மீட்டர். இரு இறக்கை முனைகளுக்கு இடையிலான தொலைவு 64.8 மீட்டர். உடற்பகுதியின் விட்டம் 6.2 மீட்டர். கடைகளில் விற்கப்படும் உலோக மாதிரிகள் பெரும்பாலும் 400-இல் ஒரு பங்கு அல்லது 200-இல் ஒரு பங்கு அளவில் இருக்கும். அவற்றில் இந்த விமானத்தின் நீளம் முறையே சுமார் 18 சென்டிமீட்டர், 37 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் தொகுப்புகளில் 144-இல் ஒரு பங்கு என்பது பரவலான அளவு. அதில் விமானம் அரை மீட்டர் நீளம் இருக்கும்.

60-இல் ஒரு பங்கு அளவுக்கு வந்தால் விமானத்தின் நீளம் 1.23 மீட்டராகவும், இறக்கைகளின் அகலம் 1.08 மீட்டராகவும், உடற்பகுதியின் விட்டம் 10 சென்டிமீட்டராகவும் மாறும். சராசரி உயரமுள்ள பயணி ஒருவர் 3 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பார். சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் 7 மில்லிமீட்டர்.

அளவு கூடும்போது வேலை எளிதாகும் என்று தோன்றலாம். நடைமுறையில் அதற்கு நேர்மாறாகவே நிகழ்கிறது. 18 சென்டிமீட்டர் மாதிரியில் ஜன்னல் என்பது ஒரு புள்ளி. அதை வண்ணத்தால் குறித்தால் போதும். 1.23 மீட்டர் மாதிரியில் அதே ஜன்னலின் உயரம் 6 மில்லிமீட்டர். அதன் வழியே உள்ளே இருப்பது தெரியும். எனவே உள்ளே ஏதேனும் இருந்தாக வேண்டும். சிறிய மாதிரியில் விட்டுவிடக்கூடிய ஒவ்வொன்றும் பெரிய மாதிரியில் செய்து முடிக்க வேண்டிய வேலையாக மாறிவிடுகிறது.

ஓர் இருக்கைக்கு 8 மணி நேரம்

அட்டை விமானத்தின் இருக்கைகளுக்குச் செலவான நேரம் இதை உணர்த்தும். சாதாரண வகுப்பு இருக்கை ஒன்றைச் செய்ய 20 நிமிடங்களும், பிசினஸ் வகுப்பு இருக்கைக்கு 4 முதல் 6 மணி நேரமும், முதல் வகுப்பு இருக்கைக்கு 8 மணி நேரமும் தேவைப்பட்டன.

ஏர் இந்தியாவின் 777-300ஈஆர் விமானங்கள் முதல் வகுப்பில் 4, பிசினஸ் வகுப்பில் 35, சாதாரண வகுப்பில் 303 என மொத்தம் 342 இருக்கைகளுடன் இயக்கப்பட்டன. இந்தக் கணக்கில் சாதாரண வகுப்புக்கு 101 மணி நேரம், பிசினஸ் வகுப்புக்கு 140 முதல் 210 மணி நேரம், முதல் வகுப்புக்கு 32 மணி நேரம் தேவை. அதாவது இருக்கைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 270 முதல் 340 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைத்தாலும் ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். இறக்கை, என்ஜின், சக்கரங்கள் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

அட்டையில் வளைவு எப்படி வருகிறது?

பாகங்கள் முதலில் கணினியில் வரையப்பட்டு, மணிலா அட்டையில் அச்சிடப்பட்டு, கூரிய கத்தியால் வெட்டி ஒட்டப்பட்டன. அட்டை ஒரு திசையில் மட்டுமே எளிதாக வளையும். அதைச் சுருட்டிக் குழாயாக்கலாம், கூம்பாக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரு திசைகளிலும் வளைக்க முயன்றால் அது மடங்கும் அல்லது கிழியும். பந்து ஒன்றைக் காகிதத்தால் சுற்ற முயன்றவர்களுக்கு இது தெரியும்.

பயணிகள் விமானத்தின் உடற்பகுதி பெரும்பாலும் நேரான குழாய் என்பதால் அது சிக்கலைத் தருவதில்லை. மூக்குப் பகுதி, இறக்கை உடலோடு சேரும் இடம், என்ஜின் உறையின் வாய்ப்பகுதி ஆகியவை இரு திசைகளிலும் வளைந்தவை. அங்கெல்லாம் ஆரஞ்சுப் பழச் சுளைகளைப் போலக் குறுகிய கீற்றுகளாக அட்டையை வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்ட வேண்டும். கீற்றுகள் குறுகக் குறுக வளைவு சீராகும். ஒட்ட வேண்டிய இணைப்புகளின் எண்ணிக்கையும் கூடும்.

அட்டையின் தடிமன் மற்றொரு சிக்கல். மணிலா அட்டை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இதை 60 மடங்காகப் பெரிதாக்கிப் பார்த்தால் 15 மில்லிமீட்டர். உண்மையான விமானத்தின் உலோகத் தோல் சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும். ஆக, மாதிரி விமானத்தின் தோல் விகிதப்படி பல மடங்கு தடிமனானது. இரண்டு, மூன்று அட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும் இடங்களில் இந்தத் தடிமனை முன்கூட்டியே கணக்கிட்டு வரைபடத்தில் கழிக்காவிட்டால், கதவு மூடாது. சக்கரம் உள்ளே செல்லாது.

ஈரப்பதமும் கவனிக்கப்பட வேண்டியது. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், உலரும்போது சுருங்கும். நீர் கலந்த பசையை அதிகமாகப் பூசினாலும் அட்டை நெளியும். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் இத்தகைய மாதிரிகளைச் செய்வோர் இதைப் பெரிதும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மரமாதிரி இன்றிப் பிறந்த விமானம்

விமான நிறுவனங்களே முன்பு முழு அளவு மாதிரிகளைச் செய்துவந்தன. 1960-களின் பிற்பகுதியில் போயிங் 747 விமானம் உருவானபோது, அதன் முழு அளவு மாதிரி ஒன்று ஒட்டுப்பலகையால் கட்டப்பட்டது. எவரெட் நகரில் இருந்த தொழிற்சாலைக்குக் கூரை முழுமையாக அமைக்கப்படும் முன்பே அந்தப் பணி தொடங்கிவிட்டது. குழாய்களும் கம்பிகளும் ஒன்றோடொன்று மோதாமல் செல்கின்றனவா, பணியாளரின் கை உட்புகுந்து பழுது பார்க்க இடம் உள்ளதா என்பனவற்றை வரைபடத்தில் மட்டும் பார்த்து உறுதி செய்ய இயலாததே இதற்குக் காரணம்.

1994-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி முதன்முறையாகப் பறந்த போயிங் 777 இந்த வழக்கத்தை மாற்றியது. முழுவதும் கணினியின் முப்பரிமாண வரைபடங்களைக் கொண்டு வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானம் அதுவே. பாகங்கள் பொருந்துகின்றனவா என்பதைக் கணினியே காட்டியது. சோதனைக்காக மூக்குப் பகுதிக்கு மட்டும் மாதிரி செய்யப்பட்டது. அது சரியாகப் பொருந்தியதால் மற்ற பகுதிகளுக்கு மாதிரி செய்யும் திட்டம் கைவிடப்பட்டது.

தொழிற்சாலையில் முழு மாதிரி தேவைப்படாத ஒரு விமானத்திற்கு, பின்னாளில் ஒருவர் தனது மேசையில் அமர்ந்து பாகம் பாகமாக மாதிரி செய்தார் என்பதே இதிலுள்ள வியப்பு. அவரும் கணினியில் வரைந்தே தொடங்கினார். ஆனால் வரைபடத்தில் பொருந்திய பாகம் கையில் பொருந்துவதற்கு, அட்டையின் தடிமன், பசையின் ஈரம், விரலின் அளவு ஆகிய மூன்றும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது.

பறக்கும் மாதிரிக்கு வேறு கணக்கு

காட்சிக்கான மாதிரி உண்மையைப் போலத் தோன்றினால் போதும். பறக்கும் மாதிரி இயற்பியல் விதிகளுக்கும் உட்பட வேண்டும்.

ஒரு பொருளின் நீளத்தை 10-இல் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் பரப்பு 100-இல் ஒரு பங்காகவும், கன அளவு 1,000-இல் ஒரு பங்காகவும் குறையும். எடை கன அளவைப் பின்தொடரும். விமானத்தைத் தாங்கும் விசையோ இறக்கையின் பரப்பைச் சார்ந்தது. எனவே, சிறிய விமானத்தின் இறக்கை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைவான எடையையே சுமக்கிறது. அதனால் மெதுவாகப் பறக்க முடிகிறது. அளவு பெரிதாகும்போது இந்தச் சலுகை குறைகிறது.

போயிங் 777-300ஈஆர் விமானத்தை 25-இல் ஒரு பங்கு அளவில் செய்வதாகக் கொள்வோம். நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். இறக்கை அகலம் 2.6 மீட்டர். உண்மை விமானம் தரையிறங்குவதற்கான அதிகபட்ச எடை சுமார் 251 டன். அதன் 15,625-இல் ஒரு பங்கு 16 கிலோ. உண்மை விமானம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்கினால், மாதிரி மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்கும். நீளம் 25-இல் ஒரு பங்காகக் குறைந்தும், வேகம் 5-இல் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது.

மாதிரி விமானங்கள் வானில் இயல்புக்கு மாறான பரபரப்புடன் பறப்பதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். உண்மை விமானம் தனது நீளத்தைக் கடக்க ஏறத்தாழ 1 விநாடி எடுத்துக்கொள்ளும். மாதிரி அதே செயலை 5-இல் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடும். பெரிய விமானத்துக்கே உரிய அந்த நிதானமான அசைவை மாதிரியில் கொண்டுவர ஒரே வழி எடையைக் குறைப்பது. 16 கிலோவை 8 கிலோவாகக் குறைத்தால் தரையிறங்கும் வேகம் மணிக்கு 38 கிலோமீட்டராகக் குறையும்.

இதனாலேயே பறக்கும் மாதிரிகளில் பால்சா மரம், நுரைப்பலகை, கண்ணாடி இழை, கார்பன் இழை போன்ற எடை குறைந்த பொருள்கள் பயன்படுகின்றன. பயணிகள் இருக்கைகள் இடம்பெறுவது அரிது. காட்சி மாதிரியில் பெருமை சேர்க்கும் ஒவ்வொரு நுணுக்கமும் பறக்கும் மாதிரியில் சுமையாகிவிடுகிறது. உந்துவிசைக்கு, உறைக்குள் சுழலும் மின்விசிறிகள் அல்லது மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் இயங்கும் சிறிய ஜெட் என்ஜின்கள் பொருத்தப்படுகின்றன.

காற்றைச் சுருக்க முடியாது

எடையைச் சரிசெய்தாலும் காற்று விட்டுக்கொடுப்பதில்லை. பொருள் சிறிதாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும்போது, காற்றின் பிசுபிசுப்புத் தன்மை மேலோங்குகிறது. இதை அளக்கும் மதிப்பு ரெனால்ட்ஸ் எண் எனப்படுகிறது. மேற்கூறிய மாதிரியில் நீளம் 25-இல் ஒரு பங்கு, வேகம் 5-இல் ஒரு பங்கு என்பதால், ரெனால்ட்ஸ் எண் உண்மை விமானத்தைவிட 125 மடங்கு குறைந்துவிடும்.

இதன் விளைவாக, உண்மை விமானத்தின் இறக்கை வடிவத்தை அப்படியே சுருக்கிப் பொருத்தினால், காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு எளிதில் விலகும். தரையிறங்க வேகத்தைக் குறைக்கும்போது ஓர் இறக்கை திடீரெனத் தாங்குதிறனை இழந்து, விமானம் பக்கவாட்டில் சரியக்கூடும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளில் முனைப்பகுதி முதலில் தாங்குதிறனை இழக்கும் இயல்பு உள்ளதால் ஆபத்து கூடுகிறது. அனுபவமுள்ளவர்கள் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை மாற்றுகின்றனர். முனையைச் சற்றுக் கீழ்நோக்கித் திருகி அமைக்கின்றனர். தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்த மாற்றம் புலப்படாது. உண்மை விமானத்தைப் போலவே பறக்க வேண்டுமானால், சில இடங்களில் அதிலிருந்து வேறுபட்டே ஆக வேண்டும்.

விமானப் பொறியாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. புதிய விமானங்களின் சிறிய மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும்போது, கிடைக்கும் அளவீடுகளை முழு அளவு விமானத்திற்குப் பொருத்திப் பார்க்கத் திருத்தங்கள் தேவைப்படுகின்றன. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் 1960-களிலிருந்து இந்தியாவின் விமானங்களுக்கும் ராக்கெட்டுகளுக்கும் இத்தகைய சோதனைகளை நடத்திவருகிறது. சில வெளிநாட்டுச் சுரங்கங்களில் திரவ நைட்ரஜனால் வாயுவைக் கடுங்குளிராக்கி அடர்த்தியைக் கூட்டி, சிறிய மாதிரியைப் பெரிய விமானத்தின் நிலைமைக்கு அருகில் கொண்டுவருகின்றனர்.

இந்தியாவில் விதிமுறை என்ன?

2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள், தொலைவிலிருந்து இயக்கப்படும் மாதிரி விமானங்களையும் உள்ளடக்கியவை. மொத்த எடை 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை அல்லது பொழுதுபோக்குக்காக, இயக்குபவரின் கண்பார்வைக்குள் பறப்பவை மாதிரி விமானங்கள் என வகைப்படுத்தப்பட்டுள்ளன. இவற்றை இயக்க வகைச் சான்றிதழ் தேவையில்லை.

ஆனால் எங்கும் பறக்கவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 120 மீட்டர் உயரம் வரையே அனுமதி. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் அந்த உயரம் 60 மீட்டர். அதைவிட அருகில் பறக்கவிட முன் அனுமதி பெற வேண்டும். 16 கிலோ எடை மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், பெரிய மாதிரிகளை மக்கள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில் மட்டுமே இயக்க வேண்டும்.

எஞ்சுவது மாதிரியே

இவ்வளவு உழைப்புக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு, ஏர் இந்தியாவின் அண்மைக்கால வரலாறு ஒரு பதிலைத் தருகிறது. அந்நிறுவனத்தின் முதல் போயிங் 747 விமானமான 'எம்பரர் அசோகா' 1971-ஆம் ஆண்டு இந்தியா வந்தது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோக்கா வளைவுகள் சிவப்பு நிறத்தில் தீட்டப்பட்டிருந்த அந்த விமானங்கள், ஒரு தலைமுறையினருக்கு வெளிநாட்டுப் பயணத்தின் அடையாளமாக விளங்கின. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி ஏர் இந்தியாவின் கடைசி 747 மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. புறப்பட்டதும் இறக்கைகளை இருபுறமும் அசைத்து விடைபெற்ற அது, உதிரி பாகங்களுக்காகப் பிரிக்கப்படவே அனுப்பப்பட்டது.

777 விமானங்கள் இன்னும் பறக்கின்றன. ஆனால் அவற்றின் உட்புறம் மாறவுள்ளது. 777 மற்றும் 787 விமானங்களின் பயணிகள் அறைகளைப் புதுப்பிக்க 40 கோடி அமெரிக்க டாலர் செலவிடப்படும் என 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏர் இந்தியா அறிவித்தது. பழைய இருக்கைகள் கழற்றப்பட்ட பின், அவை அமைந்திருந்த வரிசையையும் ஒவ்வொரு வகுப்பின் தோற்றத்தையும் முப்பரிமாணத்தில் காட்டும் சான்றுகள் மிகச் சிலவே இருக்கும். கோப்பு அட்டையில் செய்யப்பட்ட விமானம் அவற்றில் ஒன்று.

மாதிரி செய்ய விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவை அல்ல, நோக்கத்தை. பறக்க வேண்டுமா, பார்க்கப்பட வேண்டுமா, அல்லது மறைந்துபோகும் ஒன்றின் நினைவாக இருக்க வேண்டுமா? எதை விகிதம் மாறாமல் காக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அந்த விடையே முடிவு செய்யும். அளவும் பொருளும் செலவும் அதன் பின்னரே வரும்.